முகம் சரிந்த படம்

ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச்சாரியில், ஏரிப் பக்கம் இறங்கும் சாலையோரத்தில், ‘காதர் ஜெராக்ஸ்’ என்று ஒரு சிறிய கடை இருந்தது. அப்துல் காதர் உயிரோடு இருந்தவரை அங்கே கம்பளியும் ஸ்வெட்டரும் விற்றார். அவர் மவுத்தானதும் மகள் ரபியா மிச்சமிருந்த கம்பளிகளைச் சேலத்து மொத்த வியாபாரியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு ஜெராக்ஸ் மெஷினும் எஸ்.டி.டி. போனும் வைத்தாள். பிறகு சேலத்துக்குப் போய்க் கம்ப்யூட்டர் படித்தாள். யாரோ கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் மலையேற்றினாள்.

அப்போது அவளுக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. அதற்குள் ஒரு கல்யாணம் நடந்து, முடிந்தும் போயிருந்தது. ஆத்தூரில் லாரி ஓட்டிப் பிழைத்த குடும்பம் ஒன்றில் கட்டிக்கொடுத்தார்கள். அவள் போய்ச் சேர்ந்த வருஷமே ஒரு லாரி பாலத்தில் கவிழ்ந்தது. அந்த அதிர்ச்சியில் மாமனார் படுக்கையில் விழுந்தார். வந்தவள் ராசியில்லாதவள் என்று பேச்சு கிளம்பியது. பிரேக் தேய்ந்து போயிருந்ததை டிரைவரே போலீசில் சொன்னார். ஆனாலும் பேச்சு நிற்கவில்லை. ஒருநாள் காலையில் அத்தா பஸ் ஏறிப்போய் மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வழியில் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப, மகளின் தலை ஜன்னல் கம்பியில் மோதாதபடி தன் உள்ளங்கையை இடையில் கொடுத்தபடியே வந்தார்.

ரபியா அதிகம் பேசமாட்டாள். கான்வென்ட் பரீட்சைத் தாள்கள், எஸ்டேட் கடிதங்கள், மலைக் கிராமத்துக் கல்யாணப் பத்திரிகைகள் எல்லாம் அவள் விரலடியில்தான் உருவாயின. தமிழிலும் இங்கிலீஷிலும் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவள். பிழை இருந்தால் காகிதத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக அடிப்பாள். அதற்குத் தனியாகக் காசு கேட்கமாட்டாள்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம், காப்பிப் பழம் பறிப்பு முடிந்து எஸ்டேட்டுகள் ஓய்ந்திருந்த சமயத்தில், நாகலூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்த தேவசிகாமணி ஒரு வயதான தம்பதியைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். செம்மநத்தத்துக்காரர்கள். ஐயாக்கண்ணு வெள்ளை வேட்டியும் தோளில் மடித்த துண்டுமாக வந்திருந்தார். அவர் மனைவி வெள்ளையம்மாள் தலை குளித்து, திருவிழாவுக்குப் போகிறவளைப்போல மடிப்புக் கலையாத சேலை உடுத்தியிருந்தாள். கையில் ஒரு துணிப்பை. பைக்குள் சாமந்திச் சரம் இருப்பது வாசனையிலேயே தெரிந்தது.

தேவசிகாமணி சட்டைப்பையிலிருந்து ஒரு பிளாப்பியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“இதுக்குள்ள ஒரு போட்டோ இருக்குதும்மா. இவங்க புள்ளையோட போட்டோ. தொறந்து காட்டணும்.”

விவரத்தையும் அவரே சொன்னார். எழுபத்தாறில், செடிகொடிகளை ஆராய்கிற ஒரு வெள்ளைக்காரர் நாகலூர் எஸ்டேட் பங்களாவில் வந்து தங்கியிருந்தார். ஊரில் அவருக்குச் செடித் துரை என்று பெயர். ஐயாக்கண்ணுதான் அவருக்குக் காடு காட்டினார், பெட்டி சுமந்தார். ஒருநாள் அப்பாவுக்குச் சோறு கொண்டுவந்த மகள் ராசாத்தியைத் துரை ஒரு படம் எடுத்தார். ஊருக்குப் போய் அனுப்புகிறேன் என்றார். அனுப்பவில்லை. அந்த மழைக்காலத்திலேயே பிள்ளை காய்ச்சலில் போய்விட்டது. வீட்டில் அவளுடைய படம் என்று ஒன்றுமே இல்லை.

“இருவது வருசத்துக்கு மேல ஆச்சு. இப்ப எதுக்குங்க தேடறீங்கன்னு கேட்டேன்,” என்றார் தேவசிகாமணி. “அந்தம்மாவுக்குப் புள்ள மூஞ்சி மறந்து போச்சாம். அதச் சொல்லி ஒருநா ராத்திரியெல்லாம் அழுதுதாம்.”

பங்களாவின் பழைய விருந்தினர் பதிவில் துரையின் விலாசம் இருந்தது. தேவசிகாமணி எழுதிப்போட்டார். துரை எடுத்த படங்களையெல்லாம் இப்போது ஒரு பல்கலைக்கழகத்தில், கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கிறார்களாம். அவர்கள்தான் இந்த பிளாப்பியை அனுப்பியிருந்தார்கள்.

ரபியா மூவருக்கும் ஸ்டூல் எடுத்துப் போட்டாள். பிளாப்பியில் ஒரே ஒரு கட்டு இருந்தது. வெளிநாட்டுப் பெரிய கம்ப்யூட்டர்களில் பல ஃபைல்களை மூட்டையாகக் கட்டுகிற முறை அது. அவளிடம் அதைப் பிரிக்கிற புரோகிராம் இருந்தது. பிரித்தாள். படத்தைத் திறந்தாள்.

மேலிருந்து கீழாகக் கறுப்பு வெள்ளையில் படம் எழும்பி வந்தது. முதலில் வானம். பிறகு வெள்ளையடித்த ஒரு நீளச் சுவர்.

“நம்ம எஸ்டேட்டு காப்பிக் களத்துச் செவுரு,” என்றார் ஐயாக்கண்ணு மெதுவாக.

பிறகு தலை தெரிந்தது. முடி தொடங்கிய இடத்திலேயே படம் சரிந்தது. யாரோ ஒவ்வொரு வரியாகப் பிடித்து ஒரு பக்கம் இழுத்துவிட்டதைப்போல நெற்றி கோணிக்கொண்டு போனது. ஒரு கண் வலது ஓரத்தில் கிடந்தது. மற்றொரு கண் எங்கோ இடது ஓரத்தில் மங்கலாக முளைத்தது. வாயும் மோவாயும் சாய்ந்த கோடுகளாகிப்போயின. பாவாடை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கறுப்பு வெள்ளைக் கீற்றுகள். ஆனால் சுவர் கெடவில்லை. பிள்ளையைச் சுற்றி அது வெள்ளை வெளேர் என்று அப்படியே நின்றது.

ரபியா மூடி, மறுபடி திறந்தாள். அதேதான் வந்தது.

வெள்ளையம்மாள் எழுந்து கம்ப்யூட்டருக்கு வெகு அருகில் போய்ப் பார்த்தாள். பிறகு பின்வாங்கினாள்.

“வானம் நல்லாருக்குது. செவுரு நல்லாருக்குது,” என்றாள். “அவ மட்டுந்தேன் இல்ல.”

“பிளாப்பி கெட்டிருக்கும்மா. இங்க ஈரத்துக்குப் பூஞ்சை புடிச்சுரும். வேற வரவழைக்கலாங்க,” என்றாள் ரபியா.

வெள்ளையம்மாள் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. வெளியே போய்க் கடைப்படியில் உட்கார்ந்துகொண்டாள். பனி இறங்கி எதிரே பஸ்கள் பாதி மறைந்திருந்தன. தேவசிகாமணி ஐயாக்கண்ணுவை டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ரபியா ஒரு தம்ளரில் டீ கொண்டுவந்து கொடுத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெள்ளையம்மாள் தானாகவே பேசத் தொடங்கினாள்.

“கண்ணு, அது கெட்டுப்போன படமில்ல. அவ மூஞ்சியத் திருப்பிக்கிட்டா.”

“அப்படியெல்லாம் இல்லீங்கம்மா.”

“நாஞ் சொல்றதக் கேளு. போட்டோப் புடிச்சதுக்குப் பொறகு ஒருநா அவள ஆட்ட மேய்க்க உட்டிருந்தேன். வெளையாட்டுப் புத்தியில எங்கியோ போயிட்டா. ஆடு பூராத்தையும் சாமைக் காட்டுல உட்டுட்டா. ஒரு வருசச் சோறு கண்ணு அது. வெளக்குமாத்தாலயே அடிச்சேன். அடிச்சுப்போட்டு, எம் மூஞ்சியிலெ முழிக்காதடின்னு சொன்னேன். அவ்வளவுதேன். அழுதுகிட்டே வாழவந்திக்கு நடந்து போயிட்டா. அங்கதான் எங்க நாத்தனா ஊடு. கோவம் ஆறட்டும், ரெண்டு நா இருந்துட்டு வரட்டும்னு நானும் உட்டுட்டேன்.”

டீயை அவள் குடிக்கவில்லை. தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“மழ புடிச்சுது. பாதையில மண்ணு சரிஞ்சு கெடந்துது. காச்சல்னு சேதி வந்து நாங்க போய்ச் சேர்றதுக்குள்ள எடுத்துப் பொதைச்சுட்டாங்க. அம்மாகிட்டக் கொண்டுபோய் உடட்டுமான்னு நாத்தனா கேட்டாளாம். எங்கம்மா மூஞ்சியிலெ நா முழிக்கக் கூடாதுன்னு சொன்னாளாம் எம் புள்ள. அதைய அங்கயே, எழவூட்டுலயே வெச்சு எங்கிட்டச் சொல்றா அவ. அன்னையிலிருந்து அந்த ஊட்டு வாசப்படிய நா மிதிக்கல.”

ரபியா அவள் கையிலிருந்து ஆறிப்போன தம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள்.

“சொன்ன சொல்லக் காப்பாத்திட்டா. இன்னைக்கும் காட்டல பாத்தியா,” என்றாள் வெள்ளையம்மாள். துணிப்பையைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அன்று வீட்டுக்குப் போன பிறகும் ரபியாவுக்கு மனசு ஆறவில்லை. அவளுடைய அம்மா கதீஜா நடந்ததைக் கேட்டுவிட்டு, “அந்தப் பொம்பளை பாவம்தான். ஆனா நீ என்ன பண்ணுவே? உன் கையில இருக்கிறதா இது?” என்றாள்.

“மெஷினு கெடுத்துச்சோ, ஈரம் கெடுத்துச்சோ. அது தெரியலேன்னா அந்தம்மா சாகிற வரைக்கும் புள்ளை மேலயும் தன் மேலயும்தானே பழியப் போட்டுக்கும்?” என்றாள் ரபியா.

கதீஜா மகளின் முகத்தைப் பார்த்தாள். ஆத்தூர்ப் பேச்சு அந்த வீட்டில் எடுக்கப்படாமல் பல வருஷமாகியிருந்தது. அன்றும் யாரும் எடுக்கவில்லை.

ரபியா தேவசிகாமணியிடம் பல்கலைக்கழகத்துக்கு மறுபடி எழுதச் சொன்னாள். சில வாரங்களில் இரண்டாவது பிளாப்பி வந்தது. இந்த முறை கெட்டி அட்டையில், பிளாஸ்டிக் உறைக்குள், பத்திரமாக அனுப்பியிருந்தார்கள். பிரித்த கையோடு கம்ப்யூட்டரில் போட்டாள். ஐயாக்கண்ணு மட்டும் வந்திருந்தார். பின்னால் நின்று பார்த்தார்.

வானம், சுவர், முடி. முடி தொடங்கியதும் அதே சரிவு.

ஐயாக்கண்ணு தோளிலிருந்த துண்டை எடுத்து மடித்து, மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

“உட்டுருங்க பாப்பா. அவளும் அதையேதேன் சொல்லி அனுப்புனா. ரெண்டாவது தடவெயும் இப்படித்தேன் வரும், புள்ளையத் தொந்தரவு பண்ண வேண்டாம்னா. நாந்தேன் கேக்காம வந்தேன்.”

“அம்மாகிட்ட என்ன சொல்லப் போறீங்க?”

“என்னத்தச் சொல்றது. கேக்கவும் மாட்டா. எம் மூஞ்சியப் பாத்தாத் தெரிஞ்சுரும்.”

அவர் படியிறங்கிப் போவதை ரபியா பார்த்துக்கொண்டு நின்றாள். முதுகு இன்னும் நிமிர்ந்துதான் இருந்தது. நடையில்தான் ஏதோ குறைந்திருந்தது.

இரண்டு படத்தையும் அவள் பிரிண்ட் எடுத்திருந்தாள். எதற்கு எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. மத்தியானம் கடையில் ஆளில்லாத நேரத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் கண்ணாடியில் வெளிச்சத்துக்குப் பிடித்தாள். இரண்டும் கோடு பிசகாமல் பொருந்தின. வலது ஓரத்துக் கண்ணின்மேல் கண். சாய்ந்த கீற்றின்மேல் கீற்று. இரண்டு தாள் ஒரே தாளாகத் தெரிந்தது.

கையை இறக்காமல் அப்படியே நின்றாள். பூஞ்சை இப்படிச் செய்யாது. அது ஒன்றில் இங்கே தின்றால் மற்றொன்றில் அங்கே தின்னும். இரண்டு பிளாப்பி, இரண்டு பயணம், ஆனால் ஒரே காயம். அப்படியானால் இது வழியில் நடந்ததில்லை. ஒன்று, அங்கே கட்டும்போது கெட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் இங்கே அவள் பிரிக்கும்போது.

மறுபடி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். கட்டைத் திறந்தால் உள்ளே இருக்கும் ஃபைலின் பெயரும் அளவும் தெரியும். இதுவரை அந்த அளவை அவள் கவனித்ததில்லை. இப்போது அதைப் பார்த்தாள். பிரித்தெடுத்த படத்தின் அளவையும் பார்த்தாள். இரண்டும் ஒன்றாக இல்லை. பிரித்தெடுத்தது பெரியதாக இருந்தது.

கெட்டுப்போன பொருள் குறையும். இது கூடியிருக்கிறது. உள்ளே இல்லாத எதையோ யாரோ சேர்த்திருக்கிறார்கள். அந்த அறையில் அவளையும் அந்த புரோகிராமையும் தவிர வேறு யாரும் இல்லை.

மறுநாள் கடையைச் சாத்திவிட்டு, இரண்டு பிளாப்பியையும் எடுத்துக்கொண்டு சேலத்துக்குப் பஸ் ஏறினாள். அவளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்த பெரியநாயகம், பஸ் ஸ்டாண்டு அருகே மாடியில் இன்னும் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். பொறுமையான மனிதர். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு, அளவு எவ்வளவு கூடியிருக்கிறது என்று கேட்டு ஒரு தாளில் குறித்துக்கொண்டார். படத்தைத் திறந்து அந்தச் சரிவை வெகு நேரம் பார்த்தார்.

“ரபியா, டைப்ரைட்டர்ல ஒரு வரி முடிஞ்சா என்னம்மா பண்ணுவ?”

அவள் விழித்தாள். “லீவரைத் தள்ளுவேங்க சார்.”

“தள்ளினா என்ன நடக்கும்?”

“தாள் மாட்டின கேரியேஜ் ஓரத்துக்குத் திரும்பும். ரோலர் சுத்தி அடுத்த வரி வரும்.”

“ரெண்டு வேலை. நம்ம கம்ப்யூட்டர் இன்னும் அந்தப் பழக்கத்த விடல. ஒவ்வொரு வரி முடிவிலயும் ரெண்டு குறி போடுது. ஓரத்துக்குத் திரும்புன்னு ஒண்ணு, அடுத்த வரிக்கு இறங்குன்னு ஒண்ணு. அந்த யுனிவர்சிட்டி மெஷினுக்கு ஒரு குறி போதும். இறங்குன்னு மட்டும் போடும். அங்க அடிச்ச லெட்டர இங்க கொண்டாந்தா வரி முடிவுல ஒரு குறி குறையும். அதனால இந்தப் பிரிக்கிற புரோகிராம் என்ன பண்ணுதுன்னா, பிரிக்கும்போதே நமக்காகக் குறையற குறியச் சேத்துக் குடுக்குது. நல்லதுன்னு நெனச்சுத்தான் செய்யுது.”

“ஆனா இது லெட்டர் இல்லீங்களே சார்.”

“அது அதுக்குத் தெரியல. உள்ள இருக்கறதெல்லாம் எழுத்துன்னு நெனச்சிருச்சு. படத்துல ஒவ்வொரு புள்ளியும் ஒரு நம்பர். சுத்தக் கறுப்புக்குச் சைபர். வெளுக்க வெளுக்க நம்பர் ஏறிட்டே போகும். இறங்குங்கற குறிக்கு நம்பர் பத்து. படத்துல பத்துன்னா என்ன நிறம்?”

“ஏறக்குறையக் கறுப்பு.”

“நல்ல கருகருன்னு இருக்கற எடத்துல எல்லாம் அந்தப் பத்து வரும். வர்ற எடத்துல எல்லாம் வரி முடிஞ்சுதுன்னு நெனச்சு முன்னாடி ஒரு புள்ளியச் சேத்திருச்சு. ஒண்ணு சேந்தா, அதுக்குப் பின்னாடி இருக்கற அத்தனையும் ஒரு எடம் தள்ளிப்போகும். இன்னொண்ணு சேந்தா இன்னும் ஒரு எடம். வானத்துல கறுப்பு இல்ல. செவுத்துலயும் இல்ல.”

“முடியில இருக்குது,” என்றாள் ரபியா.

“ஆமா. புள்ளைக்கு நல்ல முடி.”

அவர் புரோகிராமின் உள்பக்கத்தில் ஓர் இடத்துக்குப் போனார். வரி முடிவுகளை மாற்றுவதா என்ற கேள்விக்குப் பக்கத்தில், சின்னக் கட்டத்துக்குள் ஒரு டிக் இருந்தது. யாரும் போடாமலே, புரோகிராம் வரும்போதே இருக்கிற டிக். அவர் அதை எடுத்தார். கட்டை மறுபடி பிரித்தார். இந்த முறை அளவு சரியாக இருந்தது. பிறகு எழுந்து தன் நாற்காலியை அவளுக்கு விட்டார்.

“நீயே தொற.”

வானம் வந்தது. சுவர் வந்தது. முடி வந்தது. வகிடெடுத்து, எண்ணெய் வைத்து, காதுக்குப் பின்னால் இழுத்துக் கட்டிய கருமுடி. அதன் கீழே நெற்றி நேராக இறங்கியது. இரண்டு கண்ணும் தத்தம் இடத்தில் வந்து நின்றன. ஒன்பது, பத்து வயதுப் பிள்ளை. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருந்தாள். மேல்வரிசையில் ஒரு பல் இல்லை. இடுப்பில் சோற்றுத் தூக்கு. படம் எடுக்கிறவரைப் பார்த்து, சிரிக்கலாமா வேண்டாமா என்று பாதியில் நிறுத்திய சிரிப்பு.

ரபியா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெரியநாயகம் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, கீழ்த்தெருவில் நல்ல லேசர் பிரிண்டர் வைத்திருக்கிற கடையின் பெயரைச் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து அவள் செம்மநத்தத்துக்குப் போனாள். பஸ் விட்ட இடத்திலிருந்து கொஞ்ச தூரம் நடக்க வேண்டியிருந்தது. கெட்டி அட்டைக்குள் வைத்துச் சணல் கட்டிய படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தாள். வேண்டாம் என்று சொன்னவளின் வீட்டுக்குப் போகிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நன்றாகிவிட்ட படம்கூட ஒருத்திக்கு வேண்டாததாக இருக்கலாம். திரும்பிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நின்றாள். தோட்டத்து வேலியோரம் மிளகுக் கொடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஐயாக்கண்ணு அவளைப் பார்த்துவிட்டார்.

வெள்ளையம்மாள் வாசலில் காப்பிக்கொட்டை காயப்போட்டிருந்தாள். ரபியாவின் கையில் இருந்த அட்டையைப் பார்த்ததும் அவள் முகம் இறுகியது.

“எதுக்குக் கண்ணு இவ்வளவு தூரம் வந்தே? வேண்டாம்னு சொல்லி அனுப்புனேனே.”

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லிட்டுப் போயிர்றேனுங்கம்மா. அதுக்குப் பொறகு படத்தப் பாக்கறதும் பாக்காததும் உங்க இஷ்டம்.”

வெள்ளையம்மாள் கொட்டையைக் கிளறுவதை நிறுத்தினாள்.

ரபியாவுக்கு வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

“அந்தப் படம் கெடலீங்கம்மா. அங்கிருந்து வந்தபோதே நல்லாத்தான் வந்திருக்குது. ரெண்டு தடவெயும். நாந்தான் பிரிக்கும்போது, அதாவது எங்க மெஷினு பிரிக்கும்போது, அதக் கோணலாக்கிருச்சு. படத்த எழுத்துன்னு நெனச்சுருச்சு. எழுத்துன்னா வரி முடியுமில்லீங்களா. எங்கெல்லாம் கருப்பா இருந்துச்சோ அங்கெல்லாம் வரி முடிஞ்சுதுன்னு நெனச்சு, இல்லாத ஒண்ண உள்ள திணிச்சுருச்சு. அது தள்ளித் தள்ளி மூஞ்சி ஒரு பக்கமாப் போயிருச்சு. வெள்ளையா இருந்த எடம் எதுவும் கெடல.”

“கருப்புன்னா?”

“முடியிங்க. உங்க புள்ளைக்கு நல்லாக் கருகருன்னு முடி.”

வெள்ளையம்மாள் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

“ஆமா,” என்றாள். “நொம்ப முடி. வாரிக் கட்டறதுக்குள்ள எனக்குக் கை வலிச்சுப்போகும்.” பிறகு ரபியாவை நிமிர்ந்து பார்த்தாள். “அப்ப அவ திருப்பிக்கலியா?”

“இல்லீங்கம்மா. நேராத்தான் பாக்கறா.”

ஐயாக்கண்ணு வந்து ரபியாவின் கையிலிருந்து அட்டையை வாங்கிச் சணலை அவிழ்க்கப் பார்த்தார். முடிச்சு எளிதில் வரவில்லை. வெள்ளையம்மாள் அவரிடமிருந்து அதை வாங்கித் தானே அவிழ்த்தாள்.

படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. கட்டை விரலால் பிள்ளையின் வகிட்டைத் தடவினாள். வாயைத் தொட்டாள்.

“பல்லு,” என்றாள் கணவனிடம். “பல்லு உழுந்திருந்துது பாத்தீங்களா. எனக்கு அது நெனப்பே இல்ல. எத்தன தடவ நெனச்சுப் பாத்தேன், பல்லோடதான் வந்தா. அதுனாலதேன் அவ மூஞ்சி எனக்குச் சேரவே இல்ல.”

“கூரை மேல போட்டமே,” என்றார் ஐயாக்கண்ணு. “நாந்தேன் எறிஞ்சேன்.”

ரபியா கிளம்ப நினைத்தாள். அதற்குள் வெள்ளையம்மாள் அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தாள். சட்டியிலிருந்த சூடான காப்பியை ஊற்றிக் கொடுத்தாள். சுவரில் சாய்ந்து எதிரே உட்கார்ந்து, படத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

“மூஞ்சியத் திருப்பிக்கலன்னு சொன்னியே, அது எனக்குப் பெரிய விசயம் கண்ணு. உன்னைய மறக்கமாட்டேன். ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. நா அடிச்சது அடிச்சதுதான். சொன்னது சொன்னதுதான். அது இந்தப் படத்துல இல்ல.”

ரபியா தலையை ஆட்டினாள். அவள் திருத்தியது ஒரு பிழையைத்தான். அந்தப் பிழை இந்தப் பெண்ணின் தலையில் கொண்டுவந்து ஏற்றிய ஒரு சுமை இறங்கியது. அதற்கு முன்னாலேயே அங்கே இருந்த சுமை அங்கேயேதான் இருந்தது. ஆனால் இப்போது வெள்ளையம்மாள் அதைப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

கிளம்பும்போது வெள்ளையம்மாள் வேலிவரை வந்தாள்.

“கண்ணு, இதே மாதிரி இன்னொண்ணு எடுத்துத் தருவியா?”

“தர்றேனுங்கம்மா. இங்க வெக்கவா?”

“இல்ல. வாழவந்தியில எங்க நாத்தனாவுக்குக் குடுக்கணும். அவ ஊட்டுலதான எம் புள்ள கடேசியா இருந்தா. அவளும் பாத்து இருவது வருசத்துக்கு மேல ஆகுது.”

அடுத்த முறை பேப்பர் வாங்கச் சேலம் இறங்கியபோது ரபியா இன்னொரு படம் எடுத்துக்கொண்டு வந்தாள். வெள்ளையம்மாள் தனியாக ஏற்காடு வந்து அதை வாங்கிக்கொண்டாள். ரபியா கடையை விட்டிறங்கி, வாழவந்தி பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தாள். வெள்ளையம்மாள் மடியில் படமும், அதன்மேல் ஒரு சீப்பு வாழைப்பழமும், கொஞ்சம் சாமை அரிசியும் இருந்தன. பஸ் பனிக்குள் திரும்பி மறைந்தது.

அங்கே நாத்தனாரும் அவளும் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது ரபியாவுக்குக் கடைசிவரை தெரியாது. அந்த வாரம் முழுக்க வெள்ளையம்மாள் ஊர் திரும்பவில்லை என்று ஐயாக்கண்ணு போன் பண்ண வந்த இடத்தில் சொன்னார். சொன்னபோது கவலைப்பட்டவராகத் தெரியவில்லை. சோறு யார் ஆக்குகிறார்கள் என்று ரபியா கேட்டாள்.

“நாந்தேன் ஆக்கிக்கிறேன் பாப்பா,” என்றார். “மெதுவாவே வரட்டும்.”